மல்லாந்த மூடி

என் மருமகள் ஃபிரிட்ஜைத் திறந்து கேரட்டை எடுத்துவிட்டு மூடும்போது உள்ளே இருக்கும் விளக்கு எரியாது. விளக்குக்கு விஷயம் தெரிவதற்குள் கதவு சாத்தியிருக்கும். பழுது என்று நினைத்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தோம். அவர் திறந்தார், எரிந்தது. நான் திறந்தேன், எரிந்தது. மருமகள் திறந்தாள். மெக்கானிக் காசு வாங்காமல் போய்விட்டார்.

இதை நான் யாரையும் நம்பச் சொல்லவில்லை. சந்தேகப்படுகிறவர்கள் நேரில் வந்து பார்க்கலாம். வரும்போது கொஞ்சம் பூண்டு உரித்து எடுத்து வந்தால் நல்லது. எங்கள் சமையலறையை வெறுங்கையோடு தாண்ட யாருக்கும் அனுமதி கிடையாது.

மருமகளுக்கு வேலை ஆம்புலன்ஸ் ஓட்டுவது. வீட்டிலும் அதே வேகம்தான், சைரன் மட்டும் இல்லை. என் மகன் செய்தித்தாள் அச்சகத்தில் இரவு வேலை பார்க்கிறான். ஊர் செய்தியை எல்லோருக்கும் முன்னால் படித்துவிட்டு, விடிந்ததும் வந்து ஒன்றும் தெரியாதவன் போலத் தூங்குவான். பேத்தி நீச்சல்காரி. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை தண்ணீரில் இருப்பாள். வீட்டில் அவளைத் தவளை என்றுதான் கூப்பிடுவோம். நான் பெரிய கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இயக்கி ஓய்வு பெற்றவன். உழைத்த காலமெல்லாம் மேலேயும் கீழேயும் போய் வந்தேனே தவிர ஓரடி முன்னேறவில்லை.

நாங்கள் நாலு பேரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருந்தால் யாருக்கோ காய்ச்சல் என்று அர்த்தம். அப்படிப்பட்ட வீட்டில் எப்போது சமைப்பது, யார் சமைப்பது? கடையில் வாங்கித் தின்னலாம் என்று மகன் ஒரு காலத்தில் யோசனை சொன்னான். மருமகள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அதோடு அந்த யோசனை முடிந்தது.

அதற்குப் பதில் அவள் வீட்டின் வரைபடத்தைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் சமையலறை ஓர் அறையே அல்ல, ஒரு பாதை. அதைத் தாண்டாமல் குளியலறைக்கும் போக முடியாது, வாசலுக்கும் போக முடியாது. கட்டியவன் தூக்கத்தில் கட்டியிருக்க வேண்டும். "போறவங்க வர்றவங்க எல்லாரும் ஆளுக்கு ஒரு கை போட்டுட்டுப் போங்க. சாப்பாடு தானா ஆயிடும்" என்றாள்.

அப்படித்தான் ஆயிற்று. வேலையிலிருந்து வரும் மகன் கொண்டைக்கடலையைக் கழுவி ஊறப்போட்டுவிட்டுத் தூங்கப் போவான். நான் அதைக் குக்கரில் ஏற்றுவேன். தவளை வந்து மசிப்பாள். குளியலறை காலியாவதற்குக் காத்திருக்கிறவர் கதவைத் தட்டிக்கொண்டே கீரை ஆய்வார். எங்கள் வீட்டில் கீரைக்குத் தட்டுப்பாடு வந்ததே இல்லை, ஏனென்றால் என் மகன் குளிக்க நேரமாகும். கடைசியாக மருமகள் வந்து ஒரு சுழற்று சுழற்றுவாள். கீரை போட்டு அடித்த முட்டையை ரொட்டியில் சுருட்டிக் கையில் கொடுப்பாள். பேரீச்சம்பழத்தையும் வறுத்த வேர்க்கடலையையும் இடித்து, பள்ளிப் பையின் ஓரத்தில் அடங்குகிற மாதிரி உருட்டுவாள். வாழைப்பழத்தை உறையவைத்துத் தயிரோடு அடித்து ஐஸ்கிரீம் என்பாள். சாப்பிட்ட பிறகுதான் அது ஐஸ்கிரீம் இல்லை என்பது ஞாபகம் வரும். அதற்குள் கிண்ணம் காலியாகியிருக்கும்.

எல்லாவற்றிலும் உயர்ந்தது வில்லை. மசித்த கடலையில் கேரட் துருவல், கீரை, கொஞ்சம் ஓட்ஸ் சேர்த்துப் பிசைந்து, வட்டமாகத் தட்டி, கல்லில் எண்ணெய் காட்டி எடுப்பது. எண்ணெய் ஊற்றுவதில்லை, காட்டுவதோடு சரி. எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் பல மாதமாகப் பழுதாகிக் கிடந்தது. ஒரு நாள் வில்லை வேகும் வாசனை படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கியதும், அது தானாகக் கிளம்பி எங்கள் மாடிக்கு வந்து கதவைத் திறந்துகொண்டு நின்றது. லிஃப்டின் சுபாவம் எனக்குத் தெரியும். பசி இல்லாமல் அது அப்படி நிற்காது.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு சிக்கல் உப்பு. ஒருவரை ஒருவர் பார்க்காமல் சமைக்கிறவர்களுக்கு, உப்பு விழுந்ததா இல்லையா என்பது எப்படித் தெரியும்? மருமகள் அதற்கும் வழி வைத்தாள். பாத்திரத்தின் மூடி நேராக இருந்தால் உப்பு போடவில்லை. குமிழ் கீழே போக மல்லாந்து கிடந்தால் போட்டாயிற்று. மற்ற வீடுகளில் ருசி பார்ப்பார்கள். நாங்கள் மூடியைப் பார்ப்போம். அதில் ஒரு நாளும் தப்பு வந்ததில்லை, என் மகள் வந்து இறங்கும்வரை.

மகள்தான் என் மூத்த பிள்ளை. வேறு ஊரில் இருக்கிறாள். என் மனைவி சீக்கிரமே போய்விட்டதால் தம்பியை வளர்த்தது அவள்தான். அதனால் தம்பிக்கு மீசை நரைக்க ஆரம்பித்த பிறகும் அவனுக்கு மூக்கு சிந்திவிட வேண்டுமோ என்று பார்ப்பாள். அவள் வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்க்கிறார். எப்போதாவது வந்து, தரை ஆடவில்லையே என்று குறைபட்டுக்கொண்டு திரும்பிப் போவார். பெரிய வீடு, பெரிய சாப்பாட்டு மேஜை, அதில் இவள் ஒருத்தி. அபாரமாகச் சமைப்பாள். ஆனால் நிறுத்தி நிதானமாக. அவள் குழம்பு கொதிக்க ஆரம்பிக்கும்போது பிறந்த பிள்ளை, அதை அடுப்பிலிருந்து இறக்கும்போது நடக்கும்.

தவளையின் நீச்சல் போட்டிக்கு முதல் நாள் வந்து இறங்கியவள், ஒரு நாற்காலியைச் சமையலறை வாசலில் போட்டு உட்கார்ந்து, நாங்கள் போவதையும் வருவதையும் பார்த்தாள்.

"ஏம்ப்பா, இந்த வீட்ல யாராவது உக்காந்து சாப்பிடுவீங்களா?"

"நான் உக்காந்துதானே இருக்கேன்."

"உக்காந்திருக்க. சாப்பிடல. பட்டாணி உரிக்கற."

"உரிக்கறப்பவே ரெண்டு வாயில போட்டேனே."

"அதுக்குப் பேரு சாப்பாடா?" என்றவள் தவளையைப் பிடித்து நிறுத்தி, மணிக்கட்டைத் தன் விரல்களால் அளந்து பார்த்தாள். "பாரு, என் விரல் சுத்திட்டு மிச்சம் இருக்கு. போன லீவுல குளத்துல பாத்தேன். இவ நீந்தறாளா, தண்ணி இவளைத் தள்ளிட்டுப் போகுதான்னே தெரியல."

"அவ நல்லாச் சாப்பிடறாக்கா" என்றாள் மருமகள். கை கேரட் துருவிக்கொண்டிருந்தது.

"எப்போ? வந்ததுலேர்ந்து பாக்கறேன். போறப்ப ஒரு கடி, வர்றப்ப ஒரு கடி. இது சாப்பாட்டு மேஜையா, டோல்கேட்டா?" பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "உன்னைக் குறை சொல்லலம்மா. உனக்கு நேரம் இல்ல. எனக்கு இருக்கு. இவ என்கூட வரட்டும். எங்க ஊர்லயும் பள்ளிக்கூடம் இருக்கு, நீச்சல் குளம் இருக்கு. மூணு வேளையும் உக்கார வெச்சுப் போடறேன்" என்றாள்.

அப்போதுதான் எங்கள் வீட்டில் முதல் முறையாகத் துருவல் நின்றுபோன சத்தம் கேட்டது.

மகன் சுவரைப் பார்த்தான். அக்கா சொன்னதை மறுத்துப் பேசிப் பழக்கமில்லாதவன். நான் பட்டாணியைப் பார்த்தேன். ஒரு பக்கம் மகள், ஒரு பக்கம் மருமகள், நடுவில் பட்டாணிதான் எனக்குப் பாதுகாப்பாகத் தெரிந்தது.

"நாளைக்கு மத்தியானம் போட்டி" என்றாள் மகள். "எல்லாரும் குளத்துக்கு வருவோம்ல? அங்க, என் கண்ணு முன்னால, இந்த வீட்டுச் சாப்பாட்ட இவ ஒரு வேளை வயிறார உக்காந்து சாப்பிடட்டும். அப்புறம் நான் வாயே திறக்கல. இல்லன்னா வர்ற வாரமே கூட்டிட்டுப் போயிடுவேன். சம்மதமா?"

"சம்மதம்" என்றாள் மருமகள். திருப்பத்தில் பிரேக் போட்ட வண்டி மாதிரி இருந்தது அந்தக் குரல்.

தவளை மூலையில் நின்று கடலை மசித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டு வரலாற்றிலேயே அவ்வளவு வழவழப்பாக மசிந்த கடலை அன்றைக்குத்தான்.

மறுநாள் காலையில் நடந்ததை நான் பிறகு ஒவ்வொருவரிடமும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மருமகள் விடியும் முன்பே எழுந்து, மசித்த கடலையில் துருவலும் கீரையும் சேர்த்து, உப்பு போட்டு, மூடியை மல்லாத்தி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். வேலை முடிந்து நேராகக் குளத்துக்கு வருவதாகத் திட்டம். சுட்டு எடுத்து வர வேண்டியது எங்கள் பொறுப்பு.

அவள் போனதும் என் மகள் எழுந்து வந்தாள். உதவி செய்யலாம் என்று நல்ல மனதோடு அடுப்பைத் துடைத்தாள், தொட்டியைத் தேய்த்தாள். பாத்திரத்தின் மூடி தலைகீழாகக் கிடந்தது. "மூடக்கூட நேரமில்ல பாவம்" என்று நேராக்கி வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். மகன் அச்சகத்திலிருந்து வந்தான். மூடி நேராக இருந்தது. உப்பு போட்டான், மல்லாத்தினான், படுத்தான். மகள் குளித்துவிட்டு வந்தாள், நேராக்கினாள். நான் வெந்நீர் வைக்கப் போனேன். உப்பு போட்டேன், மல்லாத்தினேன். மகள் துணி உலர்த்திவிட்டு வந்தாள், நேராக்கினாள். தவளை பல் துலக்கப் போகிற வழியில் தன் பங்குக்கு ஒரு கை போட்டாள்.

கடைசியில் என் மகள் அந்தப் பாத்திரத்தைத் திறந்து பார்த்து, அவசரத்தில் ஓடிய பெண் உப்பு போட்டிருக்கவே மாட்டாள் என்று முடிவு செய்தாள். வேகாத மாவை வாயில் வைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. ஆகவே தாராளமாக ஒரு கை.

முதல் வில்லை கல்லிலிருந்து இறங்கியது. பொன்னிறம், ஓரம் முறுகல், நடுவில் பச்சையும் ஆரஞ்சும் எட்டிப் பார்த்தன. தவளை அத்தையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒரு கடி கடித்தாள். சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் நிறைந்தது. அந்த வாயை மூடவும் முடியாமல் திறக்கவும் முடியாமல் குழாயடிக்கு ஓடினாள்.

மிச்சத்தை நான் ஜன்னல் ஓரம் வைத்தேன். எங்கிருந்தோ ஒரு கடற்பறவை வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்து அலை வருகிறதா என்று பார்த்தது. எங்கள் ஊரில் கடல் கிடையாது.

"அம்மா உப்ப அள்ளிக் கொட்டிட்டாங்களா?" என்றாள் தவளை, வாய் கொப்பளித்துக்கொண்டே. அழுகை வந்துவிட்டது. "இப்ப நான் அத்தை வீட்டுக்குப் போகணுமா?"

மகன் எழுந்து வந்து மருமகளுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்துவிட்டான். அவள் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"மாமா, யாருக்காச்சும் அடி கிடி பட்டுச்சா?"

"இல்லம்மா. வில்லைதான்... உப்பு."

"எவ்வளவு?"

"சொல்ற மாதிரி இல்ல."

வண்டியின் எஞ்சின் மட்டும் கேட்டது. பிறகு, "போட்ட உப்ப எடுக்க முடியாது. மத்தத எல்லாம் கூட்டுங்க. உருளைக்கிழங்கு எல்லாத்தையும் வேக வைங்க. ஓட்ஸ் டப்பா முழுசா. அலமாரில ஊறின பாசிப்பயறு இருக்கு, அரைச்சுப் போடுங்க. கேரட் இருக்கற வரைக்கும் துருவுங்க. யாரும் உப்பு டப்பாவத் தொடாதீங்க. வண்டில ஏத்த ஆளு வந்தாச்சு, நான் கிளம்பறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"நான் ஒரு தடவைதான் போட்டேன்" என்றான் மகன்.

"நானும் ஒரு தடவைதான்" என்றேன். "மூடி நேரா இருந்துச்சு."

"எனக்கும் நேராத்தான் இருந்துச்சு" என்றாள் தவளை.

மூன்று பேரும் மூடியைப் பார்த்தோம். அது நேராக, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

"அந்த மூடிய நேராக்குனது நான்தான்" என்றாள் என் மகள். "ஏன், அதுல என்ன?"

தவளை விஷயத்தைச் சொன்னாள்.

"எத்தனை தடவைக்கா நேராக்குன?" என்றான் மகன்.

"பாக்கறப்பல்லாம்." மூடியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "அப்புறம் நானும் ஒரு கை போட்டேன்" என்றாள்.

அவள் சும்மா இருந்திருந்தால் யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் அந்தப் பெரிய மேஜையில் எதிரே ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். அவள் அதை யோசித்தாள் என்பது எனக்குத் தெரியும். பெற்றவன் அல்லவா. தம்பி வேறு, "விடுக்கா. நீ ஜெயிச்சுட்டன்னே வெச்சுக்கலாம்" என்று முனகினான்.

"வாய மூடுடா. நான் கெடுத்ததக் காட்டி நான் ஜெயிக்கணுமா? உருளைக்கிழங்கு எங்க இருக்கு?" என்று புடவையை இழுத்துச் செருகினாள்.

அதுவரை எங்கள் சமையலறையில் ஒரே வேலைக்கு இத்தனை பேர் சேர்ந்து நின்றதே இல்லை. நாலு பேர் நுழைந்ததும் அறைக்கே மூச்சுத் திணறியது. நான் அரைத்தேன், மகன் துருவினான், தவளை பிசைந்தாள். என் மகள் சூடான உருளைக்கிழங்கை ஊதிக்கூடப் பார்க்காமல் உரித்துத் தள்ளினாள். நிதானத்துக்குப் பேர் போன அந்தக் கை, உரித்த தோல் தரையில் விழுமுன் அடுத்த கிழங்கில் இருந்தது. இந்தத் திறமையை இத்தனை காலம் எங்கே ஒளித்து வைத்திருந்தாள் என்று தெரியவில்லை.

பாத்திரம் நிறைந்து பேசினுக்கு மாறியது. பேசின் நிறைந்து, இரண்டு பேர் பிடித்துத் தூக்கும் பெரிய அண்டாவுக்கு மாறியது. ஒரு கட்டத்தில் மாவு கதவைத் தாண்டி ஹாலுக்குப் போகப் பார்த்தது. நான் துண்டை விரித்து மறித்தேன். மகன் ஒரு வில்லையைச் சுட்டுத் தின்று பார்த்து, "இப்ப லேசா உப்பு கம்மி" என்று டப்பாவை நோக்கிக் கையை நீட்டினான். மூன்று பேரும் ஒரே குரலில் கத்தியதில் கீழ்வீட்டுத் தையல்காரர் ஊசியில் விரலைக் குத்திக்கொண்டார்.

எல்லாவற்றையும் சுட்டு முடித்தபோது வீட்டில் இருந்த டப்பாக்கள் போதவில்லை. தையல்காரர் விரலைச் சூப்பிக்கொண்டே வந்து தன்னுடைய டப்பாக்களைக் கொடுத்தார். வாடகையாகக் கொஞ்சம் வில்லை பிடித்துக்கொண்டார்.

குளத்தில் மருமகள் எங்களுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தாள். சீருடையைக்கூட மாற்றவில்லை. டப்பாக்களைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் மகளின் கையில் ஒட்டியிருந்த மாவைப் பார்த்தாள். வரிசையாக எல்லா டப்பாவையும் திறந்தாள். அந்தப் பக்கமாகப் போன காற்று அப்படியே நின்றது.

படிக்கட்டில் எல்லோரும் உட்கார்ந்தோம். தவளை பயந்துகொண்டே ஒரு ஓரத்தைக் கடித்தாள். மென்றாள். மெல்லுவதை நிறுத்தினாள். பிறகு முழுதாக வாயில் போட்டுக்கொண்டாள். அடுத்தது, அதற்கு அடுத்தது. வெள்ளரித் துண்டைத் தயிரில் தோய்த்து இடையிடையே கடித்துக்கொண்டு, கால்களை ஆட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல். என் மகள் முதலில் எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டு அவளும் ஒன்றை எடுத்தாள்.

இருந்தும் டப்பா குறையவில்லை. தவளையின் கூட்டாளிகள் வந்தார்கள். எதிர் அணிப் பிள்ளைகள் வந்தார்கள். அவர்களைத் தடுக்க வந்த அவர்களுடைய பயிற்சியாளர் தடுக்க மறந்து உட்கார்ந்தார். விசில் ஊதுகிறவர் வாய் நிறைய வில்லையோடு ஊத, விசிலுக்குப் பதிலாகக் கேரட் துருவல் பறந்தது. போட்டி தாமதமானதற்கு மேகமூட்டம் காரணம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

தவளை நான்காவதாக வந்தாள். அவளை முந்திய மூன்று பேரும் எங்கள் வில்லையைச் சாப்பிட்டவர்கள். ஆகவே எங்கள் வீடு முதல் நான்கு இடத்தையும் பிடித்தது என்றுதான் நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "ஏண்டி, அத்தை வீட்டுக்கு வர்றியா?" என்றாள் என் மகள். கேட்ட குரலில் முந்தின நாள் இருந்த அதிகாரம் இல்லை.

தவளை அம்மாவைப் பார்த்தாள். மருமகள் வேண்டுமென்றே குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க வீட்ல யாரு யாரு சமைப்பா அத்தை?"

"நான் ஒருத்திதான்."

"யாரு யாரு சாப்பிடுவா?"

"அதுவும் நான்தான்."

தவளை கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நீங்க இங்க வாங்க. ஞாயித்துக்கிழமைல உருளைக்கிழங்கு உரிக்க எங்களுக்கு ஆளே இல்ல. தாத்தா உரிச்சா தோல்ல பாதிக் கிழங்கு போயிடுது."

"நல்லா இருக்கே, விருந்தாளியா வந்தவளுக்கு வேலை போடறது" என்றாள் என் மகள். ஆனால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்தப் பக்கம் பார்க்க ஒன்றும் இல்லை, வெறும் சுவர்.

சாயங்காலம் அவளை வழியனுப்பப் பேருந்து நிறுத்தத்துக்குப் போனோம். மருமகள் ஒரு டப்பாவில் வழிக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். எப்போது கட்டினாள் என்று நான் பார்க்கவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மகள் வண்டியில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டினாள்.

"ஏம்மா, எல்லாம் சரி. கேரட்ட இன்னும் கொஞ்சம் மெல்லிசாத் துருவணும்."

"ஞாயித்துக்கிழமை வந்து நீங்களே துருவிக் காட்டுங்கக்கா" என்றாள் மருமகள்.

"துருவத்தான் போறேன். நல்ல கேரட்டா வாங்கி வை" என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வண்டி நகர்ந்தது. மருமகள் வீட்டுக்கு நடக்கவில்லை. நேராக எதிரே இருந்த காய்கறிக் கடைக்குள் போனாள். நான் சாலையைக் கடந்து போய்ச் சேருவதற்குள் பையோடு வெளியே வந்து, என் கையைப் பிடித்து மறுபடி சாலையைக் கடக்க வைத்தாள்.